பாத்திமாவின் போனில் என் குரல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ரூட்டிங் டீமனை எப்படி நிறுவுவது என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாததை போனில் தட்டிப் பார்த்துக்கொள்வீர்கள். நான் ஓய்வு பெற்று, மாட்டுங்காவில் பேப்பரை இரண்டு முறை படிக்கிற ஆள். என்னிடம் சொல்ல இருப்பது ஒரு சனிக்கிழமை காலை. அந்தக் காலையில் என்னால் ஒருத்தியின் வேலை போயிருக்கும். போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் ஒரு பெருமூச்சு வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மும்பை செம்பூரில் எங்கள் அலுவலகம். சின்னக் கம்பெனி. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று, ரத்தப் பரிசோதனைக் கூடம். பெரிய ஆய்வகம் செம்பூரிலேயே இருந்தது. தாராவி, மாட்டுங்கா, வடாலா என்று மூன்று இடங்களில் ரத்தம் எடுக்கும் மையங்கள். ரத்தம் பைக்கில் செம்பூருக்கு வரும், முடிவு எங்கள் நெட்வொர்க் வழியாக மையத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்தப் பகுதி கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த லைன். இன்னொன்று மொபைல் சிம் லைன். எந்த நேரத்தில் எந்த வழியில் போவது என்று தீர்மானிப்பது எங்கள் சர்வரில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ரூட்டிங் டீமன் என்ற நிரல். அது ஒரு கண்டெய்னருக்குள் குடியிருந்தது.

கண்டெய்னரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அது தூக்கி எறிவதற்கென்றே செய்த மென்பொருள் பெட்டி. பழையதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தால், வெளியே இருக்கும் கான்ஃபிக் ஃபைலை, அதாவது எது எப்படிப் போக வேண்டும் என்று எழுதிவைத்த கோப்பை, படித்து அது எழுந்துகொள்ளும். வெளியே ஃபைலில் என்ன இருக்கிறதோ அதுதான் அதற்குத் தெரியும். பெட்டிக்குள் நுழைந்து நாம் எதை மாற்றினாலும் அது பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும்.

நான் வளர்ந்தது இரும்பு ரூட்டர்களோடு. அதில் நேராக உள்ளே நுழைந்து மாற்றுவோம், கடைசியில் சேவ் என்று ஒரு கட்டளை தட்டுவோம். மின்சாரம் போனாலும் அது மறக்காது. இருபது வருடம் என் கை அப்படியே பழகிவிட்டது. கண்டெய்னர் வந்த பிறகும் அதே கட்டளை உள்ளே வேலை செய்தது. சேவ் தட்டினால் ‘ஓகே’ என்றது. எங்கே சேவ் ஆனது? எறியப்போகிற அந்தப் பெட்டிக்குள்ளேயே. இது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த ‘ஓகே’யைப் பார்த்ததும் மனசு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

ஃபைலில் ஏற்றுவது பெரிய வித்தையும் இல்லை. நாம் எழுதிக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அரை நாள் ஆகும். எனக்கு அந்த அரை நாள் பொறுமை கிடையாது. அதோடு, உண்மையைச் சொன்னால், இன்னொருவர் என் வேலையைப் படித்துப் பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

இப்போது பாத்திமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மையங்களுக்கும் பொறுப்பான மூத்த டெக்னீஷியன் அவள். உட்காருவது தாராவி மையத்தில். பூர்வீகம் தெற்கே கடையநல்லூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. தமிழ் வாய் நிறையப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். லைனில் கோளாறு என்றால் கம்பெனி முறைப்படி புகார் எண் போட மாட்டாள். நேரே எனக்கு அடிப்பாள்.

“சார், ரிப்போர்ட்டு வரவே மாட்டேங்கு. கேபிள்காரன் என்னமோ நம்பரை மாத்திட்டேன்னு சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கான். போட்டோ அனுப்பட்டுமா?”

அனுப்புவாள். நான் ரயிலில் இருந்தாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும், லேப்டாப்பைத் திறந்து பெட்டிக்குள் நுழைந்து இரண்டு வரியை மாற்றிவிடுவேன். உடனே அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். என்ன மாற்றினேன், எந்த நம்பரை எந்த நம்பராக்கினேன் என்று அதில் சொல்லிவிடுவேன். நான் இல்லாத நேரத்தில் கேபிள்காரர் வந்து கேட்டால் அதைப் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தேன். “சார் கை வெச்சாப் போதும், சரியாயிரும்” என்று அவள் மற்ற மையங்களில் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு பேச்சைக் கேட்க நான் எதையும் செய்வேன், அவ்வளவு பெருமை எனக்கு.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. அந்த மூன்று வருடமும் பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. அதையும் ஒரு சாதனையாக மீட்டிங்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நின்றிருந்தால் முதல் மாதமே என் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அப்போதுதான் ஜெபா எங்களோடு சேர்ந்தாள். முழுப் பெயர் ஜெபமலர். முப்பத்து நான்கு வயது. தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிப் பெண். இன்ஜினீயரிங் முடித்து, நல்ல வேலையில் இருந்து, இரண்டு குழந்தைகளுக்காக ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வந்தவள். அந்த ஆறு வருட இடைவெளியைப் பார்த்தே ஏழெட்டு இடத்தில் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மேனேஜர் அம்மா மட்டும், ஆறு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டார். அந்த ஆறு மாதம் முடிகிற நாள்தான் நான் சொல்லும் சனிக்கிழமை. அவளை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்காக மேனேஜரின் மேஜையில் இருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

அன்று காலை ஜெபாவுக்குக் கொடுத்த வேலை, பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தப் பெட்டியைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது. பழையதை எறிந்து புதியதை வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அவள் கெட்டிக்காரி, தொடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்.

“சார், ஃபைல்ல இருக்கதும் உள்ள ஓடுததும் ஒண்ணுதானா? மாத்தலாமா?”

இதைவிடச் சரியான கேள்வியை இந்தத் தொழிலில் யாரும் கேட்க முடியாது. அப்போது நான் மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் நின்றபடி ஒரு கையில் காபியும் ஒரு கையில் போனுமாக இருந்தேன். சனிக்கிழமைக் கூட்டம், பின்னால் ஒருவர் தோளை இடிக்கிறார். கேள்வியின் பாதியைத்தான் படித்தேன். ‘மாத்தலாமா’ மட்டும் கண்ணில் பட்டது. கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் மாறி, செம்பூர் அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. எல்லோரும் ஒரே திரைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். மூன்று மையமும் சிவப்பு.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஃபைலில் இருந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய தாராவி. அதற்குப் பிறகு கேபிள்காரர் மாறியதும், மழையில் லைன் மூழ்குகிறது என்று சிம்மை முன்னால் போட்டதும், வடாலாவில் நம்பர் மாறியதும் எதுவும் அதில் இல்லை. புதிய பெட்டி அந்தப் பழைய ஃபைலைப் படித்துவிட்டு, இல்லாத ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் அம்மா நாக்பூர்க்காரர். கோபம் வந்தால் ஹிந்தி, ரொம்ப வந்தால் மராத்தி. அப்போது ஹிந்தியில் இருந்தார். கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டார்.

“நான்தான் மேடம்” என்றாள் ஜெபா. போனைக் கையில் எடுத்தவள் அப்படியே திரும்ப வைத்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன். யாரோ ஒருவர், புதிய பதிப்பில்தான் கோளாறு, பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றார். அது உதவாது என்று எனக்குத் தெரியும். எந்தப் பதிப்பை வைத்தாலும் படிக்கப்போவது அதே ஃபைல். தெரிந்தும், “ம், பண்ணிப் பாக்கலாம்” என்றேன். அந்தப் பாவி வாய் என்னுடையதுதான்.

பழைய பதிப்பை வைத்தார்கள். சிவப்பு. சர்வரை மாற்றிப் பார்த்தார்கள். சிவப்பு. இதற்குள் ஆய்வகத்தின் மேலாளர் போனில் வந்துவிட்டார். ரத்த முடிவைப் போனில் வாசித்துச் சொல்ல அவர்கள் விதியில் இடமில்லை, ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்களாம். காகிதத்தில் அச்சடித்து பைக்கில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதனால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை, ஆனால் ஒவ்வொரு மையத்திலும் ஜனங்கள் கால் கடுக்க நின்றார்கள். பதினோரு மணிக்குள் யாருடைய தவறு, அவர் மேல் என்ன நடவடிக்கை என்று எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

மேனேஜர் அம்மா ஜெபாவைப் பார்த்தார். “இன்னிக்குத்தானே உன் ஆறு மாசம் முடியுது?” என்று ஹிந்தியில் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. வருத்தப்பட்டுவிட்டார் என்றால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

என் போன் அடித்தது. பாத்திமா.

நான் மாடிப்படிக்குப் போய் எடுத்தேன்.

“சார், இங்க க்யூ வெளிய கல்லி முனை வரைக்கும் நிக்கு. ரெண்டு புள்ளத்தாச்சிங்க வேற உக்காந்திருக்காங்க. மூணு செண்டரும் ஒண்ணா போயிட்டு. என்ன சார் ஆச்சு?”

“பாத்துண்டிருக்கோம்மா.”

“போன மழைக்கு இதே மாதிரி ஆச்சுல்லா? அப்ப என்னமோ நம்பர் மாத்துனீங்க, வாய்ஸ்ல சொன்னீங்கள்லா? அதெல்லாம் எங்கிட்ட அப்படியே இருக்கு சார். நான் ஒண்ணையும் அழிக்கல. அனுப்பட்டுமா?”

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூன்று வருடத்தில் எந்த நம்பரை எதுவாக மாற்றினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. பெட்டிக்குள் நான் தட்டியதன் சுவடும் பழைய பெட்டியோடு துடைக்கப்பட்டுவிட்டது. போனை அடிக்கடி மாற்றுகிற பழக்கத்தால் என் பக்கம் எதுவும் மிச்சமில்லை. இப்போது எல்லாம் பாத்திமாவின் போனில் பத்திரமாக இருக்கிறது என்கிறாள்.

“உடனே அனுப்பும்மா. எல்லாத்தையும்.”

வரிசையாகப் பதினொன்று வந்து விழுந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து காதில் ஒட்டவைத்துக் கேட்டேன்.

முதலாவதில் பின்னணியில் குக்கர் விசில். “பாத்திமா, தாராவி கேபிள் லைன்ல அந்தப் பக்கத்து நம்பரோட கடைசியைப் பதினேழுன்னு மாத்திருக்கேன். இது இப்போதைக்குத்தான். நாளைக்கு ஃபைல்ல ஏத்திடறேன்.”

இரண்டாவதில் ரயில் சத்தம். “மாட்டுங்காவுக்கு சிம் லைனை முன்னாடி போட்டிருக்கேன். நாளைக்கு ஃபைல்ல ஏத்திடறேன்.”

மூன்றாவது. நாளைக்கு. நான்காவது. நாளைக்கு. ஐந்தாவதில் கல்யாண வீட்டு நாதஸ்வரம், அதற்கு மேல் சத்தமாக என் குரல்: “நாளைக்குக் கண்டிப்பா ஏத்திடறேன்மா!”

இதை பாத்திமாவிடம் எதற்குச் சொன்னேன்? அவளுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. என் மனசாட்சிக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சமாதானம் சொல்லியிருக்கிறேன். மூன்று வருடமாக, அதே உறுதியான குரலில், பதினோரு தடவை. ஒன்பதாவதுக்கு வரும்போது எனக்கு அந்த ஆளைப் பிடித்து நாலு அறை விடலாம் போல இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தப் படியில் உட்கார்ந்தபடி ஒரு கணக்குப் போட்டேன். இந்தப் பதினொன்றையும் கேட்டு நம்பர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, உள்ளே போய், ‘எனக்கு ஞாபகம் வந்துவிட்டது’ என்று சொல்லி, பெட்டிக்குள் நுழைந்து ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம். எல்லோரும் கைதட்டுவார்கள். சார் கை வைத்தால் சரியாகிவிடும். ஜெபா பெட்டியை மாற்றினாள், கெட்டது; நான் வந்தேன், சரியானது. கதை கச்சிதமாக இருக்கும். அந்தக் கதையில் ஜெபாவுக்கு வேலை இருக்காது.

மெசேஜ் பெட்டியைத் திறந்து காலையில் அவள் அனுப்பிய கேள்வியை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். அதற்குக் கீழே என் கட்டை விரல். அதைப் பார்த்த பிறகு கணக்குப் போட எதுவும் மிச்சமில்லை. எழுந்து உள்ளே போனேன். மணி பத்தே முக்கால்.

போனை மேஜையில் வைத்தேன். “மேடம், ஜெபா மேல தப்பு இல்லை. அவள் செய்தது அத்தனையும் சரி. ஃபைல்தான் தப்பு. மூணு வருஷமா நான் ஃபைல்ல எழுதாம உள்ளேயே மாத்திட்டு வந்திருக்கேன். காலைல அவள் கேட்டாள், நான் படிக்காம சரின்னு சொல்லிட்டேன்” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு முதல் மெசேஜை ஓட விட்டேன். குக்கர் விசில் அறை முழுவதும் கேட்டது.

மேனேஜர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. “ஃபைல் ஃபைல் என்று காதில் விழுகிறதே, இதில் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஒருவர் மொழிபெயர்த்தார். அம்மா முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“உள்ளே வந்தது பத்து மணிக்கு. இப்போதுதான் தெரிந்ததா, அப்போதே தெரியுமா?”

“அப்போவே தெரியும்.”

“அப்போ பழைய பதிப்பு, புது சர்வர்னு இவ்வளவு நேரம் எல்லாரும் அலைஞ்சது?”

மூன்று வருடத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் மராத்திக்குப் போய்விட்டார். அன்றைக்கு வாங்கியதை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை. வாங்கிக்கொண்டு நின்றேன். சொன்னால் நம்புவீர்களா, திட்டு வாங்க வாங்க உடம்பு லேசாகிக்கொண்டே போனது.

திட்டி முடித்ததும் “சரி செய்யுங்கள்” என்றார்.

நான் கீபோர்டில் உட்கார்ந்தேன். விரல் தானாகப் பெட்டிக்குள் நுழையும் கட்டளையைத் தட்டிவிட்டது. அவ்வளவு பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்.

“சார்.” ஜெபா பக்கத்தில் நின்றாள். “உள்ள போக வேண்டாம். ஃபைல்லயே எழுதுவோம்.”

“ஜனங்க நின்னுண்டிருக்காம்மா. முதல்ல உள்ள போட்டுடறேன், அப்புறம் உடனே…”

“நாளைக்கா சார்?”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டாள். இருந்தாலும் அறையில் தமிழ் தெரிந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டேன். எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன்.

அப்புறம் நடந்தது வேடிக்கை. என் குரலே என்னை அதட்டி வேலை வாங்கியது. ஒவ்வொரு மெசேஜாக ஓடவிட, நான் நம்பரைத் திரும்பச் சொல்ல, ஜெபா ஃபைலில் எழுத, எழுதியதை இன்னொருவர் படித்துச் சரிபார்த்தார். ஒன்றுக்கு மேல் ஒன்று மாற்றியவை இருந்தன. தாராவிக்கு மட்டும் நான்கு. எது கடைசி என்று மெசேஜ் வந்த வரிசையை வைத்துக் கண்டுபிடித்தோம். ஒவ்வொன்றின் முடிவிலும் என் ‘நாளைக்கு’ வந்தபோது ஜெபா உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

எழுதி முடித்துப் பெட்டியை எழுப்பினோம். தாராவி பச்சை. மாட்டுங்கா பச்சை. வடாலா சிவப்பு.

வடாலாவுக்கு ஒரு மாற்றத்தை மெசேஜ் அனுப்பாமல் போனிலேயே பேசி முடித்திருக்கிறேன் போலிருக்கிறது. துளிகூட நினைவில்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். ஜெபா யோசிக்கவில்லை, பாத்திமாவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, வடாலா செண்டர்ல கேபிள்காரன் ஒட்டுன சீட்டு இருக்கும்லா? அத போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்க.”

“அந்த மெஷினு பின்னால ஒட்டிருப்பான் பாரு. இருடீ, அங்க உள்ள பிள்ளைகிட்ட சொல்லுதேன்.”

இரண்டு நிமிடத்தில் படம் வந்தது. தூசு படிந்த சீட்டு, ஆனால் நம்பர் தெரிந்தது. கடைசி இலக்கம் வேறு. அதை எழுதியதும் வடாலாவும் பச்சையானது. அறையில் யாரோ கைதட்டினார்கள். மேனேஜர் அம்மா ஆய்வகத்துக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றாள் ஜெபா. “இன்னொரு தடவை பெட்டியைத் தூக்கிப் போட்டுப் பாக்கணும்.”

எல்லோரும் ‘அரே’ என்று கத்திவிட்டோம். நானும்தான். இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது, எல்லாம் ஓடுகிறது, எதற்கு வம்பு? இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமே?

ஜெபாவின் முகம் சிவந்திருந்தது. அவளுடைய வேலை அந்த நிமிடத்தில்தான் காப்பாற்றப்பட்டிருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். “வடாலாவுக்காகக் கடைசில அவசரத்துல எழுதுனோம் மேடம். ஃபைல்ல எல்லாம் ஏறிட்டான்னு இப்ப பாத்துரணும். இல்லன்னா அடுத்து யாரு பெட்டிய மாத்துனாலும், என்ன மாதிரி அவங்க தலையில வந்து விழும்” என்று மெதுவாகச் சொல்லி, அதையே ஹிந்தியிலும் சொன்னாள்.

மேனேஜர் அம்மா போனைக் கீழே வைத்தார். “கரோ” என்றார், செய் என்று.

பாத்திமாவிடம் இரண்டு நிமிடம் லைன் போகும் என்று சொன்னோம். “இப்பதான வந்துச்சு, திரும்பவுமா! யா அல்லா!” என்றாள். பிறகு, “சரி, பண்ணுங்க” என்றாள்.

ஜெபா பெட்டியை எறிந்தாள். மூன்றும் சிவப்பு. புதிய பெட்டி எழுந்து ஃபைலைப் படித்தது. நான் என் கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், இல்லாவிட்டால் அது ஏதாவது தட்டப் போய்விடும். தாராவி பச்சை. வடாலா பச்சை. மாட்டுங்கா மட்டும் என் பொறுமையைச் சோதித்துவிட்டுக் கடைசியாகப் பச்சையானது. யாரும் தொடவில்லை, தானாக வந்தது. நான் பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

ஆய்வகத்துக்குப் போன அறிக்கையின் முதல் வரியில் என் பெயர் இருந்தது. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, என் பணிக்காலத்திலேயே அது ஒன்றுதான். அதே மாலை ஜெபாவுக்கும் ஒரு கடிதம் கிடைத்தது, மேனேஜரின் மேஜையில் காத்திருந்த அதே கடிதம். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, உள்ளே பத்திரமாக இருக்கிறதா என்று மூன்று தடவை திறந்து பார்த்தாள்.

கீழே டீக்கடையில் அவளிடம் கேட்டேன். “என் கட்டை விரல் மெசேஜ் உங்கிட்ட இருந்துதே. ஏன் காட்டலை?”

“காட்டலாம்னுதான் போன எடுத்தேன் சார். அப்புறம் நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

அவள் டீயை ஊதிக் குடித்தாள். “பதினோரு மணிக்குக் காட்டிருப்பேன் சார். எனக்கு வேல வேணும்லா?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீ சட்டையில் கொட்டியது. பதினோரு மணி ஆக என்னிடம் பதினைந்து நிமிடம்தான் மிச்சம் இருந்திருக்கிறது. என் மானம் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பிழைத்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். உள்ளே நுழைந்ததும் காரணம் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும், மற்றவர்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள். அப்போது பையைக் கீழே வைத்துவிட்டு உடனே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், தாங்கக்கூடியதுதான். நான் தாங்கினேனே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எந்த மாற்றமும் ஃபைலில் எழுதித்தான் போனது. கேபிள்காரர் நம்பரை மாற்றினால் பாத்திமா புகார் எண் போட்டாள், யார் பணியில் இருந்தார்களோ அவர்கள் எழுதினார்கள், இன்னொருவர் படித்தார், முடிந்தது. என் போன் அடிப்பது நின்றுபோனது. முதலில் கை அரித்தது, உண்மை. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டு எழுந்த முதல் கல்யாணத்தில் அந்த அரிப்பு போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துப் பாத்திமாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. இதையும் நான் அழிக்கவில்லை.

“சார், லைனெல்லாம் நல்லா ஓடுது. ஒரு மாசமா ஒங்களக் கூப்பிடவே இல்ல. அதான் பயந்துட்டேன். ஒடம்பு சொகமா இருக்கீங்கள்லா?”